காலையில் 0.15, மாலையில் 0.3: காந்தத் துகள் தொட்டியில் எந்த அளவை நம்புவது?

சங்ககிரியில் லாரி எஞ்சின்களின் கிராங்க்ஷாஃப்டை கிரைண்டிங் செய்து தரும் பட்டறை ஒன்றில் தரப் பரிசோதனை பார்க்கும் தம்பி ஒருவர் கேட்டது இது: "எங்கள் கிராக் டெஸ்ட் மெஷினில் தண்ணீரில் கலக்கும் ஃப்ளோரசன்ட் பவுடர் போடுகிறோம். காலையில் பம்ப் போட்டு ஐந்து நிமிடத்தில் பேரிக்காய் வடிவக் குழாயில் 100 மில்லி பிடித்து, கால் மணி நேரம் வைத்துப் பார்த்தால் அடியில் படிந்த துகள் 0.15 மில்லி காட்டுகிறது. சாயங்காலம் பிடித்தால் 0.3. மேலே கொஞ்சம் பழுப்பாக ஒரு பட்டையும் தெரிகிறது. ஆடிட்டுக்கு வந்தவர் எது சரி என்று கேட்டார், பதில் சொல்லத் தெரியவில்லை. எவ்வளவு வைத்தால் நல்லது? எலக்ட்ரானிக் மீட்டர் வாங்கலாமா? கஞ்சமலை அடிவாரத்துக் கருமணலைக் காந்தத்தால் இழுத்துப் பவுடராகப் போடலாமே என்று முதலாளி வேறு கேட்கிறார்."

தம்பி, இரண்டு அளவுமே காந்தத் துகள் சோதனைக்கான ஏ.எஸ்.டி.எம். இ-709 வழிகாட்டி சொல்லும் வரம்புக்குள்தான் இருக்கின்றன. ஃப்ளோரசன்ட் துகளுக்கு 100 மில்லியில் 0.1 முதல் 0.4 மில்லி வரை இருக்கலாம். ஆனால் நீங்கள் எடுத்த விதத்தைப் பார்த்தால் இரண்டில் எதையும் நான் நம்ப மாட்டேன். காலை அளவு கலங்காத தொட்டியின் அளவு. மாலை அளவில் துகளோடு அழுக்கும் சேர்ந்திருக்கிறது.

இந்த அளவு ஏன் முக்கியம் என்பதை முதலில் பார்த்துவிடுவோம். இரும்புப் பொருளைக் காந்தமாக்கினால் காந்தப்புலம் அதனுள்ளேயே ஓடும். குறுக்கே விரிசல் இருந்தால் அந்த இடத்தில் புலம் வெளியே கசியும். கசிகிற இடத்தில் துகள்கள் வந்து ஒட்டி, விரிசலைவிடப் பல மடங்கு அகலமான கோடாக நமக்குக் காட்டும். 1868-லேயே சாக்ஸ்பி என்பவர் பீரங்கிக் குழாயின் மேல் திசைகாட்டியை நகர்த்தி, முள் எங்கே துள்ளுகிறது என்று பார்த்துக் குறை கண்டுபிடித்தார். 1920-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் வில்லியம் ஹோக், மேக்னடிக் சக் என்ற காந்தப் பிடிப்பானில் பிடித்துக் கிரைண்டிங் செய்த உருப்படிகளின் மேல் இரும்புப் பொடி கோடு கோடாக நிற்பதையும், அந்தக் கோட்டுக்கு அடியில் விரிசல் இருப்பதையும் கவனித்தார். கிரைண்டிங் பட்டறையில்தான் இந்த முறையே பிறந்தது என்பதில் உங்கள் ஆட்களுக்குக் கொஞ்சம் பெருமை இருக்கலாம்.

கசியும் புலம் ஓரளவு துகளைத்தான் பிடிக்கும். அந்த வழியாகப் போகும் தண்ணீரில் துகள் குறைவாக இருந்தால் கோடு மங்கலாக விழும், நுண்ணிய விரிசலில் விழாமலே போகும். அதிகமாக இருந்தால் விரிசல் இல்லாத இடத்திலும் துகள் படிந்து, உருப்படி முழுக்கப் பச்சையாக மூட்டம் போடும். அந்த மூட்டத்துக்குள் மெல்லிய கோடு தொலைந்துவிடும். கிராங்கில் இதை நேரிலேயே பார்க்கலாம். பேரிங்கில் சுழலும் ஜர்னலும் அதை ஒட்டிய வெப் என்ற கையும் சேரும் ஃபில்லட் வளைவில் தண்ணீர் தேங்கி வடியும். துகள் அதிகமான தொட்டி என்றால் அந்த வளைவைச் சுற்றி ஒரு பச்சை வளையம் எப்போதும் நிற்கும். கிராங்க் உடைவதற்கு ஆரம்பமான, திரும்பத் திரும்பச் சுமை ஏறி வரும் களைப்பு விரிசல் பிறப்பதும் பெரும்பாலும் அதே வளைவில்தான், இல்லாவிட்டால் ஆயில் துளையின் விளிம்பில். வளையம் தேங்கலா, விரிசலா என்று தினமும் தடுமாறினால், ஒரு நாள் விரிசலையும் தேங்கல் என்று துடைத்துவிட்டுப் போய்விடுவோம்.

அதனால் கிராங்க் போன்ற வளைவும் துளையும் உள்ள வேலைக்கு நான் 0.15-க்கும் 0.25-க்கும் நடுவில் வைக்கத்தான் சொல்வேன். 0.4 வரை அனுமதி இருக்கிறதே என்று மேலே போவதில் லாபம் இல்லை. பவுடர் செலவும் கூடும், கண்ணுக்கும் கஷ்டம். கறுப்புப் பவுடர் போடும் பட்டறைக்காரர் யாராவது "எங்களுக்கு 1.2 முதல் 2.4 வரை" என்று சொன்னால் குழம்ப வேண்டாம், அது ஒளிராத துகளுக்கான வரம்பு. ஒளிரும் துகளைக் கண் எளிதாகப் பிடித்துவிடுவதால் அதில் சுமார் பத்தில் ஒரு பங்கு அளவே போதும்.

இப்போது உங்கள் காலைக் கணக்கு. இரவு முழுக்கப் பம்ப் நின்றிருக்கிறது, துகள் எல்லாம் தொட்டியின் அடியிலும் மூலையிலும் குழாயின் வளைவுகளிலும் படிந்திருக்கும். ஐந்து நிமிடம் ஓட்டிப் பிடிப்பது, இரவு வைத்த மோரைக் கலக்காமல் மேலே தெளிந்ததை மொண்டு குடித்துவிட்டு மோர் நீர்த்துவிட்டது என்று சொல்வதைப் போல. குறைந்தது 30 நிமிடம் பம்ப் ஓட வேண்டும். ஓடும்போதே அடியில் படிந்ததை ஒரு மரத்துடுப்பால் கிளறி விடுங்கள், இரும்புக் கம்பி வேண்டாம். அப்புறம் ஹோஸ் வழியாகவும் கொஞ்ச நேரம் தொட்டிக்குள்ளேயே பாய விட்டு, உருப்படி மேல் ஊற்றும் அதே நாசிலில் இருந்து பிடியுங்கள். தொட்டியில் நேராக மொண்டால் உருப்படிக்குப் போகும் தண்ணீரின் அளவு உங்களுக்குத் தெரியாது.

பிடித்த 100 மில்லியை அப்படியே ஸ்டாண்டில் வைக்கக்கூடாது. காந்தத்தை நீக்கும் கம்பிச் சுருளான டீமேக் காயிலுக்குள் குழாயை நீட்டி மெதுவாக வெளியே இழுத்து, துகளில் ஒட்டியிருக்கும் காந்தத்தை எடுத்துவிட வேண்டும். காந்தம் மிச்சமிருந்தால் துகள்கள் ஒன்றையொன்று பிடித்துக் கட்டி கட்டியாக இறங்கும். அடியில் நெருங்கி உட்காராமல் பஞ்சு போல உப்பி நிற்கும், அளவு கூடுதலாகக் காட்டும். குழாயை உற்றுப் பார்த்தாலே தெரியும்: நல்ல படிவு மட்டமாக, ஒரே அடுக்காக இருக்கும், கட்டியானது மேடு பள்ளமாகவும் இடையில் தெளிந்த நீரோடும் இருக்கும். அப்படி இருந்தால் இன்னொரு தடவை பிடித்து, டீமேக் செய்து பாருங்கள். மறுபடியும் கட்டியாகவே இறங்கினால் துகளே காந்தமேறிப் போயிருக்கும் வாய்ப்பு அதிகம், தொட்டியை மாற்றுவதுதான் வழி.

அடுத்தது காத்திருக்கும் நேரம். தண்ணீர்த் தொட்டிக்கு 30 நிமிடம், ஆயில் தொட்டிக்கு 60 நிமிடம். கால் மணி நேரத்தில் பெரிய துகள் இறங்கிவிடும், சிறியது மிதந்துகொண்டே இருக்கும். துகள் இறங்கும் வேகம் அதன் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் பாதி அளவுள்ள துகள் நாலில் ஒரு பங்கு வேகத்தில்தான் இறங்கும். மெல்லிய விரிசலில் ஓடிப்போய் உட்காருவதும் அந்தச் சின்னத் துகள்தான், அதை எண்ணாமல் விட்டால் எப்படி? குழாய் வைக்கும் இடத்தில் அதிர்வு கூடாது. கிரைண்டிங் மெஷின் ஓடும் அதே மேஜை என்றால் அதை மாற்றுங்கள். மேக்னடிக் சக், டீமேக் காயில், ஸ்பீக்கர் எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது.

படிக்கும்போதும் கவனம் வேண்டும். ஃப்ளோரசன்ட்டுக்கான பேரிக்காய்க் குழாயின் தண்டில் ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவில் 0.05 மில்லி. அரைக் கோடு தவறாகப் படித்தாலே 0.2-ல் எட்டில் ஒரு பங்கு பிழை வந்துவிடும். ஆகவே இன்று 0.19, நேற்று 0.21 என்றெல்லாம் எழுதுவதில் அர்த்தம் இல்லை. இந்தச் சோதனையின் துல்லியம் அவ்வளவுதான்.

இப்போது சாயங்காலத்துக்கு வருவோம். சேலத்து வெயிலில், அதிலும் ஏப்ரல், மே மாதத்தில், தண்ணீர் ஆவியாகித்தான் அளவு ஏறியது என்று பலரும் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 40 லிட்டர் தொட்டி 32 லிட்டராக வற்றினால் 0.2 இருந்தது 0.25 ஆகும். 0.15 இருந்தது 0.3 ஆக வேண்டும் என்றால் பாதித் தொட்டி ஒரே பகலில் காலியாகியிருக்க வேண்டும். அது நடந்திருந்தால் முதலில் பம்ப்தான் கத்தியிருக்கும். ஆக, ஆவியாவது ஒரு பங்கு, காலையில் படிந்து கிடந்த துகள் பகலில் கலங்கியது ஒரு பங்கு, மிச்சம் அந்தப் பழுப்புப் பட்டை.

அந்தப் பட்டையைத்தான் நீங்கள் சரியாகக் கவனித்திருக்கிறீர்கள், நானாக இருந்தால் 0.3 என்ற எண்ணைவிட அதைப் பற்றித்தான் கவலைப்படுவேன். குழாயை ஒரு தடவை சாதாரண வெளிச்சத்திலும் ஒரு தடவை பிளாக் லைட் என்ற புற ஊதா விளக்கிலும் பாருங்கள். துகள் மஞ்சள் கலந்த பச்சையாக ஒளிரும். ஒளிராமல் மங்கலாக நிற்கும் அடுக்கு எல்லாம் அழுக்கு: சாணைக்கல் தூள், கிரைண்டிங் சேறு, துணிப் பஞ்சு, துரு. அதன் அளவைத் தனியாகப் படித்து, துகள் அளவோடு ஒப்பிடுங்கள். துகளின் அளவில் 30 சதவீதத்துக்கு மேல் அழுக்கு இருந்தால் தொட்டியைக் கொட்டிக் கழுவிப் புதிதாகப் போட வேண்டும். உங்கள் 0.3-ல் துகள் 0.2, அழுக்கு 0.1 என்று வைத்துக்கொண்டால் அது 50 சதவீதம். கொட்ட வேண்டியதுதான்.

மேலே நிற்கும் தெளிந்த நீரையும் பிளாக் லைட்டில் பாருங்கள். அது இருட்டாக இருக்க வேண்டும். நீலம் பூத்தாற்போல் ஒளிர்ந்தால் எஞ்சின் ஆயில் கலந்திருக்கிறது, கிராங்க்கைச் சரியாகக் கழுவாமல் மெஷினில் ஏற்றுகிறார்கள் என்று அர்த்தம். ஆயில் துளைக்குள் பழைய ஆயில் தங்கியிருக்கும், வெளியே மட்டும் துடைத்தால் போதாது. நீரே மஞ்சள் பச்சையாக ஒளிர்ந்தால் வேறு விஷயம்: பம்ப்பின் அடி தாங்காமல் துகளில் இருந்து சாயம் உரிந்து நீரில் கலந்துவிட்டது. இதுதான் ஏமாற்றும் நோய். சாயம் இழந்த துகளும் குழாயில் இறங்கும், அளவு 0.2 என்று ஒழுங்காகவே காட்டும். ஆனால் விரிசலில் போய் உட்கார்ந்த துகள் ஒளிராது, உரிந்த சாயமோ எல்லா இடத்தையும் ஒளிர வைக்கும். நீர் எந்த நிறத்தில் ஒளிர்ந்தாலும், கண்ணுக்குத் தெரியும் அளவு ஒளிர்ந்தால் தொட்டியை மாற்றுங்கள்.

தொட்டியின் மட்டத்தையும் அளவோடு சேர்த்துப் பார்த்தால் பாதி நோய் பிடிபடும். மட்டம் இறங்கி அளவு ஏறினால் ஆவியாகியிருக்கிறது. தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள், பவுடர் வேண்டாம். மட்டமும் இறங்கி, அளவும் இறங்கினால் உருப்படிகள் துகளைச் சுமந்துகொண்டு போகின்றன. இரண்டையும் சேர்க்க வேண்டும். மட்டம் அப்படியே இருந்து அளவு மட்டும் இறங்கினால் துகள் எங்கோ படிகிறது, பம்ப்பின் இழுப்பு குறைந்திருக்கிறதா, தொட்டி மூலையில் மேடு கட்டியிருக்கிறதா என்று கையை விட்டுப் பாருங்கள். பவுடர் சேர்ப்பது எளிய கணக்குதான். 40 லிட்டருக்கு 40 கிராம் போட்டு 0.2 வந்த பவுடர் என்றால், 0.15-க்கு இறங்கிய தொட்டிக்கு 10 கிராம் போதும். நேராகத் தூவாதீர்கள், மேலே மிதந்து கட்டியாகும். ஒரு மக்கில் கொஞ்சம் நீர் எடுத்து விழுதாகக் குழைத்து ஊற்றி, அரை மணி ஓட்டிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.

தண்ணீர் என்றதும் ஒன்று. நம் பக்கத்துப் போர்த் தண்ணீரின் உப்பு உங்களுக்கே தெரியும். அதைத் தொட்டியில் விடாதீர்கள், துகளை நனைக்கவும் துரு தடுக்கவும் போடும் கண்டிஷனரோடு அது ஒத்துப்போகாமல் துகள் திரளும், உருப்படியும் சீக்கிரம் துருப்பிடிக்கும். காவிரித் தண்ணீர் வந்தால் அது, இல்லாவிட்டால் ஆர்.ஓ. தண்ணீர். கண்டிஷனர் போதுமா என்று பார்க்க, கழுவிய கிராங்க் ஒன்றின் மேல் தொட்டி நீரை ஊற்றி நிறுத்துங்கள். நீர் ஒரே படலமாக நின்றால் சரி. முத்து முத்தாகப் பிரிந்தால் கண்டிஷனர் குறைவு, அல்லது கிராங்கில் இன்னும் கிரீஸ் இருக்கிறது. பிரிந்த இடத்தில் துகள் போகாது, அங்கே விரிசல் இருந்தாலும் தெரியாது.

ஆடிட்டர் கேட்டதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. துகள் அளவு சரியாக இருப்பது டெஸ்ட் சரியாக நடப்பதற்கு ஒரு பாதிதான். குழாய் எவ்வளவு துகள் இருக்கிறது என்று சொல்லும், அது விரிசலைக் காட்டுமா என்று சொல்லாது. அதற்குத்தான் கீட்டோஸ் வளையம். டூல் ஸ்டீலில் செய்த வட்டு, விளிம்பில் இருந்து ஒவ்வொன்றும் இன்னும் கொஞ்சம் ஆழத்தில் இருக்குமாறு போட்ட 12 சின்னத் துளைகள். நடுவில் செப்புக் கம்பியைச் செருகிக் கரண்ட் விட்டு, தொட்டி நீரை ஊற்றினால், விளிம்பில் எத்தனை துளைக்குக் கோடு தெரிகிறது என்று எண்ணலாம். நேற்று தெரிந்த துளை இன்று தெரியவில்லை என்றால் துகள், கரண்ட், லைட் மூன்றில் ஒன்று குறைந்திருக்கிறது. வளையம் வாங்க முடியாவிட்டால், நன்றாகத் தெரிந்த விரிசல் உள்ள பழைய கிராங்க் துண்டு ஒன்றை வெட்டி, டீமேக் செய்து, துருப்பிடிக்காமல் எண்ணெய் தடவி வைத்துக்கொள்ளுங்கள். தினமும் முதல் உருப்படி அதுதான், எண்ணெயை நன்றாகக் கழுவிவிட்டு.

காந்தமாக்கும் திசையையும் ஒரு முறை சரிபாருங்கள். முனையில் இருந்து முனைக்குக் கரண்ட் விடும் ஹெட் ஷாட், நீளவாக்கில் ஓடும் விரிசலைக் காட்டும். கல் சூடேறி விழும் கிரைண்டிங் விரிசல் பெரும்பாலும் இப்படித்தான், அரைத்த திசைக்குக் குறுக்கே இருக்கும். ஃபில்லட்டைச் சுற்றி ஓடும் களைப்பு விரிசலுக்கு, உருப்படியைக் கம்பிச் சுருளுக்குள் வைத்துக் காந்தமாக்கும் காயில் ஷாட் வேண்டும். இரண்டும் செய்யாமல் "கிராக் இல்லை" என்று சீட்டு கொடுக்கக் கூடாது. ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவில் இறங்கும் வண்டியின் ஸ்டியரிங் நக்கிளோ கிங் பின்னோ உங்களிடம் வந்தாலும் இதே விதிதான். அரைப்பதற்கு முன் ஒரு முறை, அரைத்தபின் ஒரு முறை டெஸ்ட் செய்ய வேண்டும். முன்னால் மட்டும் செய்தால் கிரைண்டிங்கில் நீங்களே போட்ட விரிசலை நீங்களே பார்க்காமல் அனுப்புவீர்கள்.

லைட் பற்றிச் சுருக்கமாக: பிளாக் லைட் 365 நானோமீட்டர், 38 செ.மீ. தூரத்தில் சதுர செ.மீ.க்குக் குறைந்தது 1000 மைக்ரோவாட். பார்வையிடும் இருட்டுக் கூண்டுக்குள் சாதாரண வெளிச்சம் சுமார் 20 லக்ஸுக்குள். உள்ளே போய்க் குறைந்தது ஒரு நிமிடம் கண் பழகட்டும். வெயிலில் கறுக்கும் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்க்கக் கூடாது.

முதலாளியின் கஞ்சமலைக் கேள்வி சிரிப்பதற்கானது இல்லை. அந்த மலையின் கல்லில் இருப்பது மேக்னடைட், சந்தையில் வரும் கறுப்புத் துகள்களும் அதே வகை இரும்பு ஆக்சைடுதான். 1830-களில் ஜோசையா மார்ஷல் ஹீத் பரங்கிப்பேட்டையில் நடத்திய இரும்பு ஆலைக்கே சேலத்துத் தாதுதான் போயிற்று. ஆனால் ஓடை மணலில் காந்தம் பிடிக்கும் மணி நம் வேலைக்கு மிகப் பெரியது. நமக்கு வேண்டியது சில மைக்ரான் அளவுத் துகள், எளிதில் காந்தமேறி, புலம் நின்றதும் காந்தத்தை விட்டுவிடுவது. மணலை அரைத்தாலும் குவார்ட்ஸ் ஒட்டிக்கொண்டு வரும், அளவு ஒன்றுபோல் இராது, ஒளிரும் சாயமும் அதில் இல்லை. பவுடர் டப்பாவின் விலையில் பெரும்பங்கு சல்லடைக்கும் சாயத்துக்கும்தான். அதே மலை அடிவாரத்து சேலம் உருக்காலையின் 304 வகை ஸ்டெயின்லெஸ் தகட்டில் இந்த முறையே வேலை செய்யாது, காந்தம் ஒட்டாத பொருளுக்கு, விரிசலுக்குள் சாயத்தை ஊற விட்டுப் பார்க்கும் டை பெனட்ரன்ட்தான்.

கடைசியாக, துகள் அளவைக் காட்டும் எலக்ட்ரானிக் மீட்டர். இரண்டு வகைக் கொள்கை உண்டு. ஒன்று, குழாயைச் சுற்றி ஒரு காயில் வைத்து, உள்ளே இருக்கும் இரும்பால் அதன் இண்டக்டன்ஸ் எவ்வளவு மாறுகிறது என்று பார்ப்பது. அரை மணி காத்திருக்க வேண்டாம், சில நொடியில் எண் வரும். ஆனால் கிரைண்டிங்கில் வந்த இரும்புத் தூளையும் சாயம் உரிந்த துகளையும் அது நல்ல துகளோடு சேர்த்தே எண்ணும். உங்கள் பட்டறையில் கிரைண்டிங் மெஷின் பக்கத்திலேயே இருப்பதால் இந்தக் குறை பெரிதாகவே இருக்கும். மற்றது, புற ஊதா ஒளியைப் பாய்ச்சி எவ்வளவு ஒளிர்கிறது என்று அளப்பது. அது இரும்புத் தூளிடம் ஏமாறாது, நீரில் கரைந்த சாயத்திடமும் எஞ்சின் ஆயிலிடமும் ஏமாறும். நாள் முழுக்க ஆயிரக்கணக்கில் உருப்படி ஓடும் தொழிற்சாலை இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ளலாம், அங்கே காத்திருக்கும் நேரம் காசு. உங்கள் பட்டறைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்தப் பணத்தில் முதலில் பிளாக் லைட்டின் பலத்தை அளக்கும் ஒரு யூ.வி. மீட்டரும் கீட்டோஸ் வளையமும் வாங்குங்கள். ரெஜிஸ்டரில் இப்போது இருக்கும் ஒரே கட்டத்துக்குப் பதில் ஆறு கட்டம் போடுங்கள்: பம்ப் போட்ட நேரம், பிடித்த நேரம், தொட்டி மட்டம், துகள் அளவு, அழுக்கு அளவு, மேல் நீரின் நிறம். ஒவ்வொரு ஷிஃப்ட் தொடக்கத்திலும், தொட்டி மாற்றினாலும் எழுதுங்கள். ஆடிட்டர் அடுத்த முறை வரும்போது அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டுங்கள்.